ஜமக்காளத்துக்கு அடியில் பார்த்த நெருப்பு

கண்ணு,

வாசலில் பந்தல் போடுகிறவர்களின் சத்தம், சமையற்கட்டில் உன் அத்தை ஆட்களை விரட்டுகிற சத்தம். இரண்டுக்கும் தப்பி எனக்கு எழுத இடம் கிடைத்தது பின்னால் வண்டி நிற்கிற கொட்டகையில்தான். வண்டி என்றால் உன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். நேற்று நீ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "ஏனுங்கப்பா, இதை எடைக்குப் போட்டுட்டா கல்யாணத்துக்கு வர்றவங்க சைக்கிள் நிறுத்த எடமாச்சுங்களே" என்றாய். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அரிசி புடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எடைக்குப் போடுவாயா நீ? போடுவாய், ஏன் போடமாட்டாய்! ஒருநாள் காலையில் இந்த வண்டி எனக்கு ஒன்றைக் காட்டியது. அதைக் காட்டாமல் இருந்திருந்தால் நீ பிறந்தே இருக்க மாட்டாய். நேரில் சொன்னால் "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் படித்துவிடு.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு நான் வாழ வந்தது ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். பவானியில் எங்கள் வீட்டில் தறி உண்டு, கரண்ட் கிடையாது. பொழுது சாய்ந்தால் சிம்னி விளக்கு. சீரோடு சீராக என் அப்பா தன் கையாலே நெய்த பெரிய ஜமக்காளம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது, விரித்தால் ஒரு பந்தியே உட்காரலாம். இங்கே வந்து பார்த்தால் மாமனார், மாமியார் யாரும் இல்லை. உன் அத்தைதான் வீட்டுக்கு எல்லாம். சின்ன வயதிலேயே தாலி இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர், தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன், கட்டியவனின் அக்காவுக்கு எங்கள் பக்கம் அதுதான் முறை. கெட்ட மனுஷி இல்லை கண்ணு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற களியில் பெரிய உருண்டையை என் தட்டில்தான் வைப்பார். ஆனால் சகுனம் என்றால் போதும். பல்லி சொன்னால் வாசற்படியில் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பார்.

உன் அப்பா அப்போது கிணறு கிணறாகப் போய்க் கரண்ட் மோட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மலைமேல் விழுகிற தண்ணீர்தான் கரண்ட் ஆகி, கம்பி வழியாக இறங்கி வந்து, நம் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்று சொல்வார். என்னைக் கிறுக்கச்சி என்று நினைத்து ஏய்க்கிறார் என்றே எனக்குத் தோன்றும். அவர் ஏறிப் போகிற வண்டியோ பட்டாளத்தில் ஓடிக் கழித்துவிட்ட வண்டி. கல்யாணமான புதிதில் ஒருநாள், "புள்ள, இங்க வா, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று கூப்பிட்டார். இஞ்சினின் தலையிலிருந்து பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கான் உடம்பு, கீழே இரும்பு, நுனியில் நகக்கீற்று அளவுக்கு ஓர் இடைவெளி. அதை ஒயரோடு இஞ்சின் மேலேயே சாய்த்து வைத்து, கிக்கரை ஓங்கி உதைத்தார். அந்த இடைவெளியில் ஒரு நீலப்பொறி பட்டென்று தாண்டியது. எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்துவிட்டது. தீக்குச்சி இல்லை, எண்ணெய் இல்லை, பேட்டரிகூட இல்லை. "எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றேன். "என்ற கால்ல இருந்து" என்றார். "ஒதைக்கற ஒதையை மேக்னெட்டோன்னு இந்த டப்பா வாங்கி நெருப்பாக்கிக் குடுக்குது. அந்த நெருப்புப் பெட்ரோல் ஆவியில பட்டா வண்டி கிளம்பிரும்." அன்று முழுக்க சோறு வடிக்கும்போதும் எனக்கு அந்த நீலம்தான் கண்ணுக்குள் நின்றது. சிரிக்காதே. நீ சுவிட்சைத் தட்டி வளர்ந்தவன், உனக்கு அது தெரியாது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அதுவரை இந்த வீட்டில் பூஜை என்றால் உன் அப்பாவே அவசரமாக வண்டி விளக்கின் முகப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாராம். மஞ்சள் குங்குமம் எடுத்து வைக்க நங்கையா முன்னே வர மாட்டார், ஒதுங்கியே நிற்பார். அந்த வருஷம்தான் வீட்டில் சுமங்கலி ஒருத்தி வந்துவிட்டாளே! "அம்மணி, நீயே உன்ற கையால எல்லாத்துக்கும் வெச்சுரு. ஒன்னு உடாம வெய்யி" என்று தட்டை என் கையில் கொடுத்தார். அவர் குரல் அப்போது தழுதழுத்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. மருதமலைத் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், வண்டியின் விளக்கு, டேங்க், சக்கரம், சங்கிலி என்று ஒன்று விடாமல் வைத்தேன். இஞ்சின் தலையில் அந்தப் பிளக் வெள்ளைப் பீங்கான் உடம்போடு நின்றது. அன்றைக்கு நெருப்புக் காட்டியது இதுதானே, இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? சுற்றி வளைத்து மூன்று பட்டை அழுத்தமாகப் போட்டேன். நடுவில் வைத்த குங்குமம் ஈரத்தில் கீழே இரும்பு வரைக்கும் வழிந்து இறங்கியது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பூஜைக்கு வைத்ததை நாமாக அழிக்கக் கூடாது, தானாக அழியும்வரை இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். உனக்கும் தெரியும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மலையோரம் அல்லவா, விடியும்போது பனி கொட்டகைக்குள்ளேயே வந்து நிற்கும். வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்து உன் அப்பாவின் சட்டை வேர்வையில் நனைந்துவிடும். உச்சிப்பொழுதில் வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஒரே உதையில் கிளம்பும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கூத்து. அவர் முறைப்படிதான் தேடினார். முதலில் பெட்ரோல் வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்த்தார், வந்தது. மேக்னெட்டோ மூடியைத் திறந்து, உள்ளே பட்டும் விலகியும் ஆடுகிற பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒயர் எங்காவது வெடித்திருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி அன்று எனக்குக் காட்டியது போலவே இஞ்சின் மேல் சாய்த்து உதைத்தார், அதே நீலப்பொறி ஜோராகத் தாண்டியது. அதனால் பிளக்கின் மேல் சந்தேகம் போய்விட்டது. அதைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் என் திருநீறு அழிந்துவிடக் கூடாது என்று அலுங்காமல் மேல்நுனியைப் பிடித்து எடுப்பார் பார், அந்தப் பக்தியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காலையில் தண்ணீர் பாய்ச்சக் காத்திருக்கிற தோட்டக்காரர்கள், இவர் உச்சிப்பொழுதில் வந்து நிற்பதை எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? "ஏனுங் மோட்டார்க்காரரே, ஊரு மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க, உங்க வண்டிக்கு ஒரு வைத்தியம் இல்லீங்களா?" என்று வாசலில் வந்து கேட்டார்கள். வேறு ஆளை வைத்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள்.

நங்கையாவின் பேச்சு குறைந்தது. பிறகு ஒருநாள் நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியிடம் பேசியது என் காதில் விழுந்தது. "தம்பி, தப்பா நெனைக்காதே. புள்ள நல்ல புள்ளதான், நான் இல்லைங்கல. ஆனா வந்த நேரம்னு ஒன்னு இருக்குதில்ல? அவ கைவெச்ச நாள்ல இருந்துதான் வண்டி படுத்துப்போச்சு. இன்னைக்கு வண்டி, நாளைக்கு உனக்கு ஒன்னுன்னா நான் என்ன பண்ணுவேன்? தலைத் தீவாளிக்குப் பவானி போறயல்லோ, நோம்பி முடிஞ்சு அவளை அங்கயே உட்டுப்போட்டு வா. அப்பறமா நல்ல நேரம் பாத்துக் கூட்டிக்கலாம்." நான் உன் அப்பாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். "பாக்கலாமுங்க்கா" என்றார். அவ்வளவுதான். 'அப்பறமா' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் கண்ணு. எங்கள் தெருவில் ஓர் அக்காவை அப்படித்தான் ஒரு பண்டிகை நோம்பிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் நூல் சுற்றிச் சுற்றியே நரைத்தாள், யாரும் கூட்டிப்போக வரவில்லை. உன் அப்பாவிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று அந்தப் 'பாக்கலாம்'தான். என்மேல் பழி இல்லை என்று அவர் மனசுக்குத் தெரியும். ஆனால் வண்டியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டார். கோளாறு தெரிந்தால்தான் பெண்டாட்டிக்காகப் பேச வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? நீ அந்தத் தப்பைப் பண்ணாதே.

தீபாவளி நெருங்கிவிட்டது. துணிமணி கட்டி வைத்தாயிற்று, ஜமக்காளத்தையும் மடித்து மேலே வைத்துவிட்டேன். திரும்பி வருவேனோ மாட்டேனோ, என் அப்பா நெய்தது என்னோடு இருக்கட்டும் என்றுதான். அன்று காலையும் பனி. கொட்டகையில் உதைக்கிற சத்தம் கேட்டு நானும் போனேன், நங்கையா சாணிக்கூடையோடு வாசலில் நின்றிருந்தார். உன் அப்பா பிளக்கைக் கழற்றாமலே குனிந்து, அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து, எதையோ பார்க்க முயன்றார். "கழட்டி வெச்சா நெருப்பு வருது, உள்ள போனா வர்றதில்ல. வேற எங்கயோ ஓடுது. வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று தனக்குத்தானே முனகினார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "போத்திப் பாக்கலாமுங்களா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓடிப்போய் மூட்டை மேலிருந்த ஜமக்காளத்தை உருவிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் குழாயை மூடினார். அவர் உதைக்க வேண்டும், ஆகவே பார்க்க வேண்டியவள் நான். வண்டியின் இந்தப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்து, இஞ்சின் தலையையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டேன். பருத்தி வாசனையும் பெட்ரோல் வாசனையும், அப்படி ஒரு கும்மிருட்டு. "ஒதைக்கறேன், தொட்டுப்போடாதே!" என்றார்.

உதைத்தார். கண்ணு, அதை நான் எப்படிச் சொல்வேன்! பீங்கானின் உச்சியிலிருந்து நீல நெருப்பு ஒன்று கிளம்பியது, நூல் கனம்கூட இருக்காது. முதல் பட்டையில் இறங்கி, பட்டையோடு சுற்றி, குங்குமம் வழிந்த தடத்தில் இறங்கி, அடுத்த பட்டையில் ஓடி, கீழே இரும்பில் போய் மறைந்தது. இன்னொரு உதை, மறுபடியும் ஓடியது. நான் என் விரலால் இழுத்த மூன்று கோடும் இருட்டில் நீலமாக எரிந்தன. மெல்ல ஒரு சடசடப்பு, மழைக்காற்றில் வருகிற மாதிரி ஒரு வாசனை. என் விரல் ரேகைகூடத் தெரிந்தது என்று நான் சொன்னால் உன் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். தெரிந்தது! அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, வண்டி படுத்தது என் கையால்தான். நங்கையா சொன்னதுதான் நிஜம். முந்தானையால் அங்கேயே துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லைங்க என்று வெளியே வந்திருக்கலாம். வண்டி கிளம்பியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. அதற்கு இடமே இல்லாமல் மனசு முழுக்க அந்த நெருப்பு நின்றது. "ஏனுங்க! ஐயோ, துண்ணூத்துமேல தீ ஓடுதுங்க! நான் வெச்ச துண்ணூத்துமேல ஓடுதுங்க! நங்கையா, ஓடியாங்க!" என்று கத்திவிட்டேன். நானே என் கழுத்துக்குக் கயிறு கொடுக்கிறேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

உன் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஈரம்! சாம்பல் ஈரத்தை உறிஞ்சுது. வெயில் வந்தாக் காயுது, வண்டி ஓடுது. வெளிய காத்துல தாண்டறது சுலபம், உள்ள காத்தை நசுக்கி வெச்சிருக்கும், தாண்டறது கஷ்டம். பக்கத்துல சுலபமான வழி ஒன்னு கெடைச்சா கரண்டு அதுலதான எறங்கும்!" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். பழியும் அப்படித்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஒரு வீட்டில் எது நின்றுபோனாலும் பழி போய் இறங்குவதற்குச் சுலபமான வழி புதிதாக வந்தவள்தான். நான் நங்கையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூடையைக் கீழே வைத்தார். வந்து மண்டி போட்டு, ஜமக்காளத்தை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். "ஒதை தம்பி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. உன் அப்பா உதைத்தார். "முருகா" என்று ஒரு சத்தம். "இன்னொருக்கா ஒதை." மறுபடியும் உதைத்தார். "இன்னொருக்கா." உன் அப்பாவுக்குக் கால் வலித்தே போயிருக்கும்.

வெளியே வந்தபோது நங்கையாவின் கண்ணெல்லாம் தண்ணீர். என்னை நேராகப் பார்த்தார். "நான் வாக்கப்பட்ட ஊட்டுல அவரு காய்ச்சல்ல போனாரு அம்மணி. நான் கால் வெச்ச நேரம்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு நம்பிப்போட்டேன், இத்தனை நாளா. அன்னைக்கு யாரும் போத்திப் பாக்கல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா பழந்துணியை எடுத்துப் பிளக்கைத் துடைக்கப் போனார். "அதைத் தொடாதே!" என்று நங்கையா அதட்டினார். பூஜையில் எதையும் தொடாமல் ஒதுங்கி நின்றவர், தன் வெள்ளைப் புடவை முந்தானையால் அந்தப் பீங்கானை அவரே பதமாகத் துடைத்தார். முந்தானையில் ஒட்டிய ஈரத் திருநீற்றை விரலில் எடுத்து என் நெற்றியில் வைத்தார், மிச்சத்தைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார். "உன்ற கைவெச்ச எடத்துல சாமி எறங்குது அம்மணி" என்று சிரித்தார், அழுதபடியே. உன் அப்பா பெட்ரோலைத் திறந்து உதைத்தார். ஒரே உதை. அந்தப் பனிக்குள்ளே வண்டி எழுப்பிய சத்தத்தில் தென்னையிலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

தலைத் தீபாவளிக்கு நாங்கள் இந்த வண்டியில்தான் போனோம். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் பின்னால் போட்டு நான் உட்கார்ந்தேன். அவிநாசிக் கோயில் கோபுரத்தடியில் நிறுத்தி ஒரு கும்பிடு போட்டோம். நோம்பி முடிந்து இருவருமே திரும்பி வந்தோம், நங்கையா எங்களுக்காகச் சுடுதண்ணீர் வைத்துக் காத்திருந்தார். இன்றைக்கும் அவர் அது சாமி என்கிறார், உன் அப்பா அது கசிவு என்கிறார், இரண்டு பேரும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சண்டை போடுகிறார்கள். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். தெரிந்துகொண்டதால் அந்த நெருப்பின் அழகு எனக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை. நீ சின்னப் பையனாக டேங்கின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியபோது உன் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஓடியதும் அதே நெருப்புதான்.

நாளைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இந்த வீட்டுக்குள் வருகிறாள். காலேஜில் படித்தவள், நான் கத்தியது போலக் கத்துவாளோ மாட்டாளோ. அவள் வந்த மாதத்தில் பால் திரியும், மோட்டார் புகையும், உன் வேலையில் ஏதாவது ஒன்று இடிக்கும். எந்த வீட்டில்தான் இடிக்காது? அப்போது எவராவது 'வந்த நேரம்' என்று வாயெடுத்தால் 'பாக்கலாம்' என்று சொல்லாதே. காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதலில் அவள் பக்கத்தில் போய் நில், பிறகு தேடு. உன் அத்தை அப்படி வாயெடுக்க மாட்டார், அவருக்கு நான் பொறுப்பு. வண்டியை எடைக்குப் போடுவதில்லை, உங்களுக்குத்தான் கொடுக்கிறோம். அப்பாவும் அத்தையும் சம்மதித்துவிட்டார்கள். ஜமக்காளத்தைத் துவைத்துக் காயவைத்து இதோ சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் இற்றிருக்கிறது, இழுக்காதே.

ஆயுத பூஜைக்குத் தட்டை அவள் கையில் கொடு. எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரி பாடம் எடுக்காதே. அவள் இஷ்டப்பட்ட இடத்திலெல்லாம் வைக்கட்டும். ஐப்பசிப் பனியில் ஒருநாள் வண்டி கிளம்பாது. காரணம் உனக்குத் தெரியும், கை துறுதுறுக்கும். துடைத்துவிடாதே சாமி. பெட்ரோலை மூடிவிட்டு அவளைக் கூப்பிடு. ஜமக்காளத்துக்குள் அவளை உட்கார வைத்துவிட்டு, நீ வெளியே நின்று உதை. அவள் போதும் என்கிறவரைக்கும் உதை.

உன் அம்மா